கிரவுன் பினியன் வாங்கப் போகிறீர்களா? பல்லை எண்ணிவிட்டுப் போங்கள்

கேள்வி (களக்காடு வாசகர்): சொந்தமாக ஒரு பிக்கப் வைத்து நானே ஓட்டுகிறேன். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு செங்கோட்டை வழியாகக் கேரளாவுக்குப் போவேன். கொஞ்ச நாளாக ஐம்பதைத் தாண்டினால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். கிரவுன் பினியன் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். கம்பெனி சாமான், வெளிச் சாமான், பழைய வண்டியில் கழற்றியது என்று மூன்று விலை சொல்கிறார்கள். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், புளியரை ஏற்றத்தில் நன்றாக இழுக்கிற மாதிரி வேறு ரேஷியோ போட்டுவிடலாமா?

பதில்: விலைக்குப் போவதற்கு முன்னால், போனது கிரவுன் பினியன்தானா என்று பார்த்துவிடுங்கள். பின் ஆக்சில் நடுவில் இருக்கிற டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், எஞ்சினிலிருந்து வரும் சுற்றை அதற்குக் கொடுக்கிற சின்னப் பல்சக்கரம் பினியன். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினாலோ, அல்லது காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிட்டாலோ மெக்கானிக் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். காலி ரோட்டில் லேசாக இடமும் வலமும் ஒடித்தால் சத்தம் கூடிக் குறைகிறதா, அது வீல் பேரிங். வளைவில் மட்டும் கடகடத்தால் ஸ்டார் பினியன், அதாவது திரும்பும்போது இரண்டு பின் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் சின்னப் பல்சக்கரங்கள். வண்டி எடுக்கும்போது ‘டக்’கென்று ஒரே அடி என்றால் முதலில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுற்றைக் கொண்டுபோகும் தண்டு) மூட்டில் இருக்கும் யூஜே கிராஸைப் பாருங்கள். சில நூறு ரூபாய் கிராஸுக்குப் பதிலாகப் பல ஆயிரத்துக்கு டிஃபரன்ஷியலைப் பிரித்தவர்கள் உண்டு.

பிறகு ஆயிலை வடித்துப் பாருங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் மைபோல அப்பியிருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் குத்துகிற சில்லு கிடைத்தால் பல் உடைந்திருக்கிறது. ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

சரி, கிரவுன் பினியன்தான் என்று உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் வண்டிப் பெயரையும் வருடத்தையும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே பெயரில் ஓடும் வண்டிக்குக்கூட மாடலைப் பொறுத்து ரேஷியோ மாறும். கிரவுன் பல்லை எண்ணுங்கள், பினியன் பல்லை எண்ணுங்கள், முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துக்கொள்ளுங்கள், அதுதான் ரேஷியோ. 41-க்கு 11 என்றால் 3.73. 41-க்கு 10 என்றால் 4.1. 43-க்கு 9 என்றால் 4.78. பழைய ஜோடியையே கையில் கொண்டுபோய் வைத்து ஒப்பிட்டு வாங்குவது இன்னும் நல்லது. பிரிக்காமலே தெரிய வேண்டுமானால் முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை விட்டு, பின் சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். ஸ்டாண்ட் கொடுக்காமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுதான் ரேஷியோ. நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போனால் 4.1 பக்கம்.

இப்போது உங்கள் ஆசைக்கு வருவோம். 3.73-லிருந்து 4.1-க்குப் போனால் ஒவ்வொரு கியரிலும் இழுவை சுமார் பத்து சதவீதம் கூடும். எஞ்சின் சுற்றும் அதே பத்து சதவீதம் கூடும். 215/75 ஆர்15 டயர் போட்ட வண்டி, கியர்பாக்ஸ் நேர் கியரில் (எஞ்சின் சுற்று மாறாமல் அப்படியே பின்னால் போகும் கியர்), மணிக்கு 80 கிலோமீட்டரில் போவதாகக் கணக்குப் போட்டால் 3.73-க்கு எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2250 சுற்று, 4.1-க்குச் சுமார் 2470. நீங்கள் ஏறுகிற புளியரை, ஆரியங்காவு ஏற்றம் மொத்த ஓட்டத்தில் கொஞ்ச தூரம். களக்காட்டிலிருந்து தென்காசி வரைக்கும் சமதரைதானே? அங்கெல்லாம் எஞ்சின் சும்மா கூடுதலாகக் கத்திக்கொண்டு வரும். ஸ்பீடாமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிற வண்டியாக இருந்தால் அதுவும் தப்பாகக் காட்டும். இன்னொன்று, கிரவுன் அளவு மாறாமல் ரேஷியோ கூடக் கூட பினியன் சிறுத்துப்போகும். பாரம் இழுக்கிற வண்டியில் அடி வாங்குவது அந்தப் பினியன்தான்.

அதனால் என் பதில்: மாற்றாதீர்கள். பெரிய டயர் போட்டு இழுவை குறைந்துபோன வண்டிக்கும், மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறி இறங்குவதே பிழைப்பாக உள்ள வண்டிக்கும் வேண்டுமானால் யோசிக்கலாம். நான்கு சக்கர இழுவை வண்டியில் பின்னால் மட்டும் ரேஷியோ மாற்றவே கூடாது, முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. ஏற்றத்தில் இழுக்காதது ரேஷியோவாலா, தாராலா? ஆர்.சி.யில் உள்ள எடைக்கு மேல் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாகும் டன்னுக்கு 2,000 வேறு. கிரவுன் பல்லைத் தின்பதும் அந்தக் கூடுதல் தார்தான்.

மூன்று விலையில் எது? கிரவுனும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடு ஒன்று உரசவிட்டு ஜோடி சேர்த்தவை. பினியன் முகத்திலும் கிரவுன் ஓரத்திலும் சின்னதாக ஒரு எண் கீறியிருப்பார்கள். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால் பெட்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். “அண்ணாச்சி, பினியன் மட்டும்தான் போயிருக்கு, அதை மட்டும் மாத்திருவோம்” என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கம்பெனி சாமானுக்குக் காசு இருந்தால் அதையே வாங்குங்கள். இல்லையென்றால், வண்டிக் கம்பெனிகளுக்கே கியர் செய்து கொடுக்கிறவர்களின் வெளிச்சந்தைச் சாமானும் தாராளமாக வாங்கலாம். பெயரே இல்லாத பெட்டி மட்டும் வேண்டாம். பழையது என்றால் உதிரி ஜோடியாக வாங்காதீர்கள். பிரிக்காத டிஃபரன்ஷியல் முழு செட்டாக வாங்குங்கள், அதன் ஷிம்மும் (இடைவெளியைச் சரிசெய்யப் போடும் மெல்லிய தகடு) பேரிங்கும் அப்படியே பழகிய இடத்தில் இருக்கும். நம் பக்கத்தில் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 மழையில் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. ஆக்சில் மேல் இருக்கும் காற்றுத்துளையான பிரீதர் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் நின்றிருந்தால், கிரவுனில் ஒரு பக்கப் பற்கள் மட்டும் துருப்பிடித்துப் பள்ளம் விழுந்திருக்கும், மேல் பக்கம் பளபளவென்று இருக்கும். அதனால் முழுச் சுற்றும் சுற்றவைத்துப் பாருங்கள்.

நான் இருந்தால் சாமானில் கொஞ்சம் மிச்சம் பிடித்து அதைப் பூட்டுகிற ஆளுக்குக் கொடுப்பேன். நல்ல ஜோடியையும் ஒரு வாரத்தில் ஊளையிட வைக்கலாம், ஷிம் சரியில்லாவிட்டால் போதும். பட்டறையில் டயல் கேஜ் (நுண்ணிய இடைவெளியை அளக்கும் முள் கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள். “கையால ஆட்டிப் பாத்தாலே தெரிஞ்சிரும்” என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பல பிக்கப்களில் கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவே விடுகிற இடைவெளி 0.15-லிருந்து 0.25 மில்லிமீட்டருக்குள் வரும். கையால் அறிகிற அளவா அது? உங்கள் வண்டிக்கு ஒர்க்ஷாப் கையேட்டில் போட்டிருப்பதுதான் கணக்கு.

அப்புறம், பல்லில் மை தடவிச் சுற்றிப் பார்க்கச் சொல்லி நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். தடம் பல்லின் நடுவில் நீள்வட்டமாக விழ வேண்டும். பல்லின் உச்சியிலேயே பட்டால் பினியன் தள்ளி நிற்கிறது, அடியிலேயே பட்டால் அதிகம் நெருங்கி நிற்கிறது. அந்தத் தடத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பினியன் பேரிங், ஆயில் சீல், நட், கிரஷ் ஸ்லீவ் (நட்டை முறுக்கும்போது நசுங்கி பேரிங் இறுக்கத்தைப் பிடித்துவைக்கும் குழாய்) எல்லாம் புதிது. நசுங்கிய ஸ்லீவைத் திரும்பப் போட்டால் பேரிங் இறுக்கம் நிற்காது. ஓட்டிப் பார்க்கும்போது முதல் இருபது முப்பது கிலோமீட்டரில் நிறுத்தி ஆறவிடுங்கள். முதல் 500 கிலோமீட்டருக்கு அரை லோடுதான், அதற்குப் பிறகு ஆயிலை ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கேள்வி (பணகுடி வாசகர்): புது கிரவுன் பினியன் வாங்கிப் பூட்டிச் சில நாளிலேயே சத்தம் வந்துவிட்டது. கடைக்காரர் பூட்டியது சரியில்லை என்கிறார், மெக்கானிக் சாமான் சரியில்லை என்கிறார். நடுவில் நான் யாரைப் பிடிப்பது?

பதில்: இரண்டு பேரையும். பிரித்த சாமானைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். பெட்டி, பில், மைத்தடம் போட்டோ எல்லாம் சாட்சி. பில் இல்லாவிட்டால் வழக்கு பாதி பலம் இழந்துவிடும். “பில் வேண்டாம்னா வரி மிச்சம்” என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். 28 என்று போட்டிருந்தால் அதையும் கேளுங்கள்.

முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் கடையையும் பட்டறையையும் சேர்த்தே எதிர்தரப்பாகப் போட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். “லோடு வண்டி வியாபாரம், நீ நுகர்வோரே இல்லை” என்று எதிர்தரப்பு வாதிடும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சுயதொழிலாகப் பிழைப்புக்காகவே வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு இருக்கிறது. ஒரே வண்டி, ஓட்டுநர் நீங்களே என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுகிறவருக்கு இந்த வழி கஷ்டம்.

கேள்வி (முக்கூடல் வாசகர்): கியர்பாக்ஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் ஒரே 90 ஆயில் ஊற்றலாமா?

பதில்: 90 என்பது கெட்டித்தன்மை மட்டும். டின்னில் ஜிஎல் என்று போட்டிருக்கிற எண்ணைப் பாருங்கள். கிரவுன் பினியன் பல் உருள்வதோடு வழுக்கிக்கொண்டும் ஓடுவதால் அதற்கு ஜிஎல்-5 வேண்டும். பல கியர்பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4 சொல்லியிருப்பார்கள், உள்ளே இருக்கும் பித்தளை ரிங்குகளுக்கு ஜிஎல்-5-இன் சேர்மானம் ஆகாமல் போகலாம் என்பதால். கையேடு இரண்டுக்கும் ஒன்றே சொன்னால் ஒன்றே ஊற்றுங்கள். உதிரியாக அளந்து கொடுப்பதை வாங்காதீர்கள். ஆயில் மாற்றும்போது ஆக்சில் மேல் இருக்கும் பிரீதரில் மண் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடைத்திருந்தால் சூட்டில் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு வந்து பிரேக் டிரம்மில் இறங்கிவிடும்.