வாசகர் கேள்வி பதில்: மறியலால வாறவர ஊர் எப்பிடி எடுக்கும்?

இந்த முறை வந்த கடிதங்கள்ல கனக்க ஒரே விசயத்தத்தான் கேக்குது, மறியலுக்குள்ள, அதாவது சிறைக்குள்ள, இரிக்கிற ஆக்கள், அங்கயிரிந்து வெளிய வாற ஆக்கள், அவங்களோட நாம எப்பிடி நடக்கிற எண்டு. அதால மத்தக் கேள்விகள அடுத்த இதழுக்கு வைச்சிட்டு இத மட்டும் எடுக்கிறன்.

கேள்வி: என்ட தம்பி தூள் (ஹெரோயின்) கேஸ்ல தண்டனை கிடைச்சு உள்ள இரிக்கான், இன்னும் நாலஞ்சு மாசத்தில வந்திருவான். அம்மா வெக்கத்தில பாக்கப் போறல்ல, அப்பா அவன்ட பேரையே எடுக்க விடுறல்ல. நான் மட்டும் ஒளிச்சுப் போய்ட்டு வாறன். வெளிய வந்தாப் பொறகு மறுகாவும் அதுக்குள்ளயே போயிருவானோ எண்டு பயமா இரிக்கி. நான் என்ன செய்யலாம்?
*— ஒரு அக்கா, சந்திவெளி*

பதில்: மகள், நீங்க போய்ப் பாக்கிறத மட்டும் நிப்பாட்டிராதீங்க. ஆறுதலுக்குச் சொல்றன் எண்டு நினைக்காதீங்க, அமெரிக்காவில மினசோட்டா மாநிலத்தில விடுதலையான 16 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆக்கள வைச்சு ஒரு ஆய்வு செஞ்சு 2011ல வெளியிட்டாங்க, உள்ள இரிக்கக்க ஒரு தரமாவது ஆள் வந்து பாத்த ஆக்கள் திரும்பப் பாரதூரமான குத்தத்தில மாட்டுறது 13 வீதம் குறைவா இரிந்திச்சு. அங்கயும் இஞ்சயும் மனிசர் ஒண்டுதான். தன்னப் பாக்க ஒரு ஆள் பஸ் பிடிச்சு வந்து வரிசையில நிண்டு வாறாங்க எண்டு தெரிஞ்சவன் வெளிய வாற நாள நினைச்சுப் பாப்பான், ஆருமே வராதவனுக்கு வெளிய எண்டு ஒண்டு இல்லாமலே போயிரும்.

அம்மாவ வற்புறுத்தாதீங்க, ஆனா தம்பி சொன்னதுகள வந்து சொல்லுங்க, என்ன சாப்பிட்டான், என்ன வேலை பழகுறான், அம்மாவ விசாரிச்சான் எண்டு. முடிஞ்சா அவனக் கொண்டு அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதப் பண்ணுங்க. அப்பாவுக்கு இன்னும் காலம் எடுக்கும், அவர்ர கோவத்திலயும் நியாயம் இரிக்கி, வீட்டு நகைய வித்துத் தூள் அடிச்ச புள்ளைகளப் பெத்த அப்பாமார்ர மனசு என்ன பாடுபடும் எண்டு ஊருக்கே தெரியும்.

இனி வேலை விசயம். ஒவ்வொரு மறியல்லயும் நலன்புரி, புனர்வாழ்வு எண்டு உத்தியோகத்தர்மார் இரிக்காங்க, கனக்கக் குடும்பங்கள் இவங்களோட ஒருக்காவும் கதைக்கிறல்ல. அடுத்த முறை போகக்க அவங்களச் சந்திக்கக் கேளுங்க. தச்சு, மேசன், தையல், பேக்கரி எண்டு இடத்துக்கு இடம் வித்தியாசமா உள்ள வேலை பழக்குறாங்க, தம்பி எதில இரிக்கான், அதுக்கு சேர்டிபிகட் கிடைக்குமா எண்டு கேளுங்க. கையில தொழில் இரிந்தும் பேப்பர் இல்லாட்டி வெளிய வந்து என்விகியூ எண்ட தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு முன்னனுபவத்த வைச்சு மதிப்பீடு செய்யச் சொல்லி விண்ணப்பிக்கலாம், வகுப்புக்குத் திரும்பப் போகத் தேவல்ல, செஞ்சு காட்டினாச் சரி. தண்டனை முடிய முந்தியே நிபந்தனையோட விடுற லைசன்ஸ் முறையும் இரிக்கி, அதுக்குத் தகுதியா எண்டும் அவங்களிட்டத்தான் கேக்கணும், வீட்டில ஏத்துக்கொள்ள ஆள் இரிக்கா, உழைக்க வழி இரிக்கா எண்டதும் இதில பெரிய விசயம்.

ஐசி (அடையாள அட்டை) இரிக்கா எண்டு இப்பவே பாருங்க. பிடிபடக்க துலைஞ்ச ஐசிய வெளிய வந்துதான் தேடுவம் எண்டு இரிந்தா, ஜீஎஸ்ஸிட்டயும் (கிராம சேவகர்) டீஎஸ் ஒபிசுக்கும் (பிரதேச செயலகம்) அலைஞ்சே முதல் மாசம் போயிரும், அந்த மாசத்திலதான் பழைய கூட்டாளிமார் மோட்டர் சைக்கிள்ல வந்து கேற்றடியில நிப்பானுகள்.

இன்னொண்டு, இத எல்லா வீட்டிலயும் தெரிஞ்சு வைச்சிரிக்கணும். தூள் பாவிச்சவர் உள்ள மாசக்கணக்கில பாவிக்காம இரிந்தா உடம்பு அந்தப் பழைய அளவத் தாங்குற சக்திய இழந்திரும். வெளிய வந்து பழைய அளவையே எடுத்தா மூச்சு நிண்டுரும். அமெரிக்காவில வாஷிங்டன் மாநிலத்தில விடுதலையான ஆக்களப் பத்தி 2007ல வந்த ஆய்வில, முதல் ரெண்டு கிழமைக்குள்ள சாகிற ஆபத்து மத்த ஆக்களவிட 12 மடங்குக்கும் மேல எண்டு கண்டிரிக்காங்க, அதில முதலாவது காரணம் இந்த அளவு மீறினதுதான். அதால அந்த ரெண்டு கிழமையும் தம்பியத் தனிய விடாதீங்க, ஏசவும் வேணாம், காவல் வைச்ச மாதிரியும் வேணாம், ஒரு மாமாவோ சித்தப்பாவோ வயலுக்கோ தோணிக்கோ கூட்டிப் போகட்டும். முதல் நாளே சொந்தக்காரரெல்லாம் கூடி உக்காந்து புத்தி சொல்லத் தொடங்கிராதீங்க, அவன் கேட்ட புத்தி காணும்.

கேள்வி: எங்கட மில்லுல வேலை கேட்டு ஒரு பொடியன் வந்தான், களவுக் கேஸ்ல உள்ள இரிந்து வந்தவன், அத அவனே சொன்னான். ஆள் நல்ல உசாரு. ஆனா மத்த வேலையாக்கள் முகத்தச் சுழிக்காங்க, வீட்டிலயும் வேணாங்காங்க. எடுக்கலாமா?
*— மில் முதலாளி, சம்மாந்துறை*

பதில்: நானா, எடுங்க. கேக்க முந்தியே தன்ட கதையச் சொன்ன ஆள், ஒளிக்கிற ஆள் இல்ல.

தமிழ்நாட்டில சிறைத்துறையே பெற்றோல் செட் நடத்துது, புழல், வேலூர், கோயம்புத்தூர், திருச்சி, பாளையங்கோட்டைப் பக்கம். அங்க எண்ணெய் அடிச்சுக் காசு வாங்குற ஆக்கள் இன்னும் தண்டனை முடியாத கைதிகள், ரோட்டால போற வாற சனம் அவங்கள்ர கையில காசு குடுத்துட்டுப் போகுது. நம்பிக்கைய முதல்ல குடுத்துப் பாக்கிறது நடக்கிற காரியம்தான் எண்டதுக்கு இதச் சொல்றன்.

அதுக்காக முதல் நாளே கல்லாவில இரித்துங்க எண்டு சொல்லல்ல. நெல் மூட்டை, காயப்போடுற களம், மெசின் பக்கம் எண்டு தொடங்குங்க, மூணு மாசம் பாப்பம் எண்டு அவனிட்டயே வெளிப்படையாச் சொல்லுங்க, சம்பளத்த மட்டும் குறைக்காதீங்க. உள்ள இரிந்து வந்தவன்தானே, குடுத்தத வாங்குவான் எண்டு பாதிச் சம்பளத்துக்கு வேலை வாங்குற ஆக்கள் நம்மட பக்கத்தில இரிக்காங்க, அது பெரிய அநியாயம். மத்த வேலையாக்களிட்ட நீங்களே ஒருக்காக் கதைச்சிருங்க, மில்லுல ஒரு சாமான் காணாமப் போனா ஆதாரமில்லாம இவன்ட பேர எடுக்கப்படாது எண்டு. இவங்க வேலைய விட்டுட்டுப் போறது பெரும்பாலும் அந்த ஒரு பேச்சாலதான்.

கேள்வி: எங்கட இளைஞர் கழகத்தால செப்டம்பர் 12 கைதிகள் தினத்துக்கு மட்டக்களப்பு சிறைச்சாலைக்குச் சாப்பாட்டுப் பார்சல் குடுக்க யோசிச்சிரிக்கம். பிரியோசனமா? வேற என்ன செய்யலாம்?
*— கழகச் செயலாளர், கொக்கட்டிச்சோலை*

பதில்: தம்பி, யோசிச்சதே சந்தோசம். பார்சலும் குடுங்க, ஒரு நேரம் நல்ல சாப்பாடு சாப்பிடுறது சின்ன விசயமில்ல. ஆனா அதோட முடிஞ்சிரக்கூடாது, வருசத்தில மிச்ச நாளும் அவங்க அங்கதான் இரிக்காங்க. போட்டோ எடுத்து பேஸ்புக்கில போடுறதத் தயவு செஞ்சு விட்டுருங்க, உள்ள இரிக்கிறவருக்கு ஸ்கூல் போற புள்ளைகள் இரிக்கி.

பணம் சேக்க ஏலுமெண்டா நான் முதல்ல சொல்றது தண்டப்பணம். நம்மட நாட்டில தண்டனை பெற்று உள்ள போற ஆக்கள்ல பெரிய பங்கு, கோட்ஸ் போட்ட தண்டத்தக் கட்ட வழியில்லாமப் போறவங்க. சில ஆயிரம் ரூபாய்க்காக ஒரு கூலிக்காரர் உள்ள இரிக்க, வீட்டில உழைப்பு நிண்டு புள்ளைகள் பட்டினி. தண்டத்தில ஒரு பங்கக் கட்டினாலும் அந்த அளவுக்கு மறியல் நாள் குறையும், முழுக்கக் கட்டினா அண்டைக்கே விடணும். பார்சலுக்குச் சேக்கிற காசில பாதிய இதுக்கு ஒதுக்கினா அந்தக் கிழமையே ரெண்டு மூணு பேர் வீட்ட போயிரிப்பாங்க. ஆருக்கு எவ்வளவு எண்ட விபரத்த நலன்புரி உத்தியோகத்தரிட்டக் கேக்கலாம், அத்தியட்சகர்ர அனுமதியோட செய்யுங்க.

அடுத்தது ஆள் போறது. உள்ளுக்கிரிந்தே ஓஎல் (சாதாரண தர) சோதின எழுதுறவங்க வருசா வருசம் இரிக்காங்க, கையெழுத்து வைக்கத் தெரியாதவங்களும் இரிக்காங்க. உங்கட கழகத்தில வேலையில்லாம இரிக்கிற பட்டதாரிப் புள்ளைகள் கிழமைக்கு ஒரு நாள் போய்த் தமிழும் கணக்கும் சொல்லிக் குடுக்கலாம். வாசிக்கத் தமிழ்ப் புத்தகம் குடுக்கலாம், அதுவும் மாவட்டத்துக்கு வெளிய வெலிக்கடை, பல்லேகல எண்டு கொண்டுபோன நம்மட புள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தக் காணுறதே பெரிசு.

நீங்க வாவிக்கு மேற்கால படுவான்கரை ஆள் எண்டதால இன்னொண்டும் கேக்கிறன், ஏன் ஒரு கூத்து பழக்கப்படாது? கூத்துப் பழக்குற அண்ணாவிமார் உங்கட பக்கத்தில இன்னும் இரிக்காங்க. ஒரு வடமோடிக் கூத்து எண்டா சட்டம் கொடுத்து (ஆளாளுக்குரிய பாட்டு ஏட்டக் குடுக்கிறது), ஆட்டம் பழகி, சதங்கை அணிஞ்சு, அடுக்குப் பாத்து (முழு ஒத்திகை), அரங்கேத்த மாசக்கணக்கு எடுக்கும். உள்ள இரிக்கிறவங்களிட்ட இரிக்கிற ஒரே சொத்து அந்த நேரம்தான், அது இப்ப சுவரப் பாத்துக் கொண்டே கழியுது. கூத்தில தாளம் பிழைச்சா அண்ணாவியார் நிப்பாட்டித் திரும்ப ஆடச் சொல்லுவார், மத்தவன்ட ஆட்டத்துக்கு ஏத்த மாதிரித்தான் தானும் ஆடணும், கோவத்தில ஒருத்தன் விட்டுட்டுப் போனா முழுக் களரியும் குழம்பிப் போகும். பொறுமை, பொறுப்பு எண்டு கரும்பலகையில எழுதிப் படிப்பிக்கிறதெல்லாம் இதுக்குள்ள தானா வரும். அரங்கேத்தம் அண்டு அவங்கட வீட்டாக்களக் கூப்பிட்டு இரித்த அனுமதி கிடைச்சா, கைதியா மட்டும் பாத்த புருசன, மகன ராசா உடுப்போட அந்தக் குடும்பம் பாக்கும். இத நீங்க செஞ்சா நானும் வந்து பாக்கணும், கட்டாயம் எழுதுங்க.

சிங்கப்பூர்ல 2004ல இரிந்து மஞ்சள் ரிப்பன் திட்டம் எண்டு ஒண்டு நடக்குது, விடுதலையாகி வாற ஆக்கள ஊர் ஏத்துக்கொள்ளணும் எண்டு வெளிய இரிக்கிற சனத்தோடதான் அதில கூட வேலை, முதலாளிமார், அக்கம்பக்கம், பள்ளிக்கூடம் எண்டு. உங்கட கழகமும் வெளியால ஒரு வேலை செய்யலாம், இந்த மாசம் நம்மட ஊருக்கு ஆர் வாறாங்க எண்டு குடும்பங்களிட்டக் கேட்டு, வாற அண்டு ரெண்டு பேர் போய்க் கூட்டி வாங்க.

கேள்வி: குத்தம் செஞ்சவனுக்குக் கூத்தும் பாட்டும் தொழிலும், அடிபட்டவனுக்கு என்ன? என்ட வாப்பாவக் கத்தியால வெட்டினவன் ஒரு நாள் வெளிய வருவான். அவனுக்கு வேலை தேடிக் குடுக்கச் சொல்லி எனக்குச் சொல்லுவீங்களா?
*— பேர் வேணாம், அக்கரைப்பற்று*

பதில்: இல்ல மகன், உங்களிட்ட அதச் சொல்ல எனக்கு உரிமையே இல்ல. மன்னிக்கிறதும் மன்னிக்காததும் உங்கட குடும்பத்துக்குரியது, உங்கள மன்னிக்கச் சொல்லி ஊர் வற்புறுத்தினா அதுவும் பிழைதான். குத்தத்தால பாதிக்கப்பட்ட ஆக்களுக்கும் சாட்சிகளுக்கும் எண்டே சட்டம் இரிக்கி, 2015ல வந்தது, பொறகு 2023ல 10ஆம் இலக்கச் சட்டமா மாத்தினாங்க. வழக்கு எந்த நிலையில இரிக்கி எண்டு கேட்டறியலாம், ஆரும் வெருட்டினாப் பாதுகாப்புக் கேக்கலாம், இழப்பீடும் கேக்கலாம். வாப்பாட வழக்கில இதொண்டும் கேக்கல்ல எண்டா ஒரு சட்டத்தரணியிட்டப் போய்க் கதைங்க.

ஆனா மத்த வாசகர்களுக்கு நான் சொல்றத மாத்தமாட்டன். நம்மட சிறைச்சாலைகள்ல இடம் இரிக்கிறதவிட ரெண்டு மடங்குக்கும் மேல ஆக்கள அடைச்சு வைச்சிரிக்கி, படுத்தாத் திரும்பிப் படுக்க இடமில்ல, அதில கனபேர் வழக்கு முடியாம ரிமாண்ட்ல இரிக்கிறவங்க, சின்னக் கேஸ்ல போனவனும் பெரிய கேஸ்காரனும் ஒரே அறையில. இப்பிடி வைச்சிரிந்து வெறுங்கையோட வெளிய விட்டா, அடுத்ததா வெட்டு வாங்குறது இன்னொரு வீட்டு வாப்பாவாத்தான் இரிக்கும். வந்தவன் திரும்பக் கத்தி எடுக்காம இரிக்கிறதுக்கு வேண்டியதச் செய்யுங்க எண்டுதான் நான் ஊரிட்டக் கேக்கிறன், அவன நல்லவன் எண்டு சொல்லச் சொல்லல்ல.

கேள்வி: என்ட மனிசனுக்குக் கசிப்புக் (கள்ளச்சாராயம்) கேஸ், அடுத்த மாசம் வழக்கு. மறியலுக்குப் போகாம வேற வழி இரிக்கா? கந்தக்காட்டுக்கு அனுப்புவாங்க எண்டும் சொல்றாங்க.
*— ஒரு மனைவி, வெல்லாவெளி*

பதில்: கந்தக்காடு பொலநறுவை மாவட்டத்தில இரிக்கிற புனர்வாழ்வு நிலையம், தூள், ஐஸ் போதைப்பொருளுக்கு அடிமையான ஆக்களத்தான் அங்க அனுப்புறது, கசிப்புக் கேசுக்கு அந்தப் பயம் வேணாம். உங்களுக்குப் பொருந்தக்கூடியது சமுதாயஞ்சார் சீர்திருத்தம், 1999ஆம் ஆண்டு 46ஆம் இலக்கச் சட்டம். சின்னக் குத்தங்களுக்கு மறியலுக்குப் பதிலா வீட்டில இரிந்துகொண்டே சம்பளமில்லாமப் பொது வேலை செய்யச் சொல்லி, தேவையெண்டாக் குடிய விடுற ஆலோசனைக்கும் போகச் சொல்லி நீதவான் கட்டளை போடலாம். அதில ஒழுங்கு தவறினா திரும்பக் கோட்ஸுக்குத்தான் வரணும், அத மனிசனிட்ட முதல்லயே சொல்லி வையுங்க. தண்டம் போட்டாலும் ஒரே தரமாக் கட்ட ஏலாட்டி தவணை கேக்கலாம். இதெல்லாம் தானா வராது, உங்கட சட்டத்தரணி எழும்பிக் கேக்கணும், ஆள் பிடிக்கக் காசில்லாட்டி வழக்குத் தவணைக்கு முந்தியே மட்டக்களப்பில சட்ட உதவி ஆணைக்குழு ஒபிசுக்கு வழக்கு நம்பரும் ஐசியும் வருமானம் காட்ட ஜீஎஸ்ஸிட்ட எடுத்த கடிதமும் கொண்டு போங்க.