பெயரை விற்கிறீர்களா, வாடகைக்கு விடுகிறீர்களா?

ஃபேஷன் டிசைனர்கள் சார்பில் ஒப்பந்தம் பேசுவது என் தொழில். இம்முறை வந்த கேள்விகளில் நான்கு.

என் பெயரிலேயே பிராண்ட் தொடங்கலாம் என்கிறது ஒரு நிறுவனம். கையெழுத்துப் போடலாமா?

முதலில் வினைச்சொல்லைத் தேடுங்கள். ‘உரிமம் அளிக்கிறார்’ என்றிருந்தால் பெயரை வாடகைக்கு விடுகிறீர்கள். ‘உரிமையை மாற்றிக் கொடுக்கிறார்’ என்றால் விற்றேவிட்டீர்கள். நீங்கள் விலகினாலும் பெயர் அங்கேயேதான் இருக்கும். அமெரிக்க டிசைனர் ஹால்ஸ்டன் 1973-ல் நிறுவனத்தோடு பெயரையும் விற்றார். 1990-ல் இறக்கும்வரை அது அவர் கைக்குத் திரும்பவில்லை. மணப்பெண் உடைகளுக்குப் பேர்போன ஹேலி பெய்ஜ் 2020-ல் வேலையை விட்டபோது, 2011-ல் போட்ட ஒப்பந்தம் குறுக்கே நின்றது. பெயரோடு இன்ஸ்டாகிராம் கணக்கும் கைவிட்டுப் போய், 2024-ல் சமரசம் பேசித்தான் பெயர் மீண்டது. அவர் கையெழுத்திட்டபோது இன்ஸ்டாகிராமுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை! விற்றே ஆகவேண்டும் என்றால், சமூக ஊடகக் கணக்குகள் யாருக்கு, உங்கள் சொந்தப் பெயரை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்பதைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

ஒருவர் 8 சதவீத ராயல்டி தருகிறார், இன்னொருவர் 5. எட்டுதானே லாபம்?

எதன்மேல் 8? ‘நிகர விற்பனை’ என்ற சொல்லுக்கு முதல் பக்கத்திலேயே விளக்கம் இருக்கும், யாரும் படிப்பதில்லை. 100-க்கு விற்றதில் திரும்பிவந்த சரக்கு 15, தள்ளுபடி 15, விளம்பரம் 10, போக்குவரத்து 5 என்று கழித்தால் மிச்சம் 55. அதில் 8 சதவீதம் 4.40 தான். எதையும் கழிக்காத 5 சதவீதம் முழு 5. திரும்பிவந்த சரக்கைக் கழிப்பது நியாயம். விளம்பரச் செலவை உங்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. ‘விளம்பரம்’ என்ற அந்த ஒரு சொல்லை அடிக்கவைத்தால் மிச்சம் 65, உங்கள் பங்கு 5.20. நான் சதவீதத்தை உயர்த்தப் போராடுவதைவிட இப்படிச் சொற்களை அடிப்பதில்தான் அதிக நேரம் செலவழிக்கிறேன். அப்புறம், கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யும் உரிமையையும் கேளுங்கள்.

அனுப்பிய ஸ்கெட்சுக்குப் பதிலே இல்லை. இப்போது அதே உடை அவர்கள் கடையில். வழக்குப் போடலாமா?

நாட்டைப் பொறுத்தது. ஸ்கெட்சுக்குப் பதிப்புரிமை உண்டு. ஆனால் அமெரிக்காவில் துணியின் பிரின்டுக்குக் கிடைக்கும் பதிப்புரிமை உடையின் வெட்டுக்குப் பொதுவாகக் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்யாத டிசைனுக்கும், அது வெளியான நாளிலிருந்து 3 ஆண்டு பாதுகாப்பு உண்டு. அனுப்பிய மின்னஞ்சலை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

வக்கீலைக் கூட்டிப் போனால் எதிர்த்தரப்பு முகம் சுளிக்காதா?

சுளிக்கட்டும். அவர்கள் அனுப்பிய வரைவை எழுதியதும் ஒரு வக்கீல்தான். சங்கடம் என்றால் நீங்களே பேசுங்கள், நான் பின்னாலிருந்து படித்துத் தருகிறேன். ஆனால் முதல் வரைவு வந்த அன்றே காட்டுங்கள். கையெழுத்துக்கு முந்தின இரவு 40 பக்கத்தை அனுப்பி ‘சும்மா ஒரு பார்வை பாருங்க சார்’ என்றால், எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தரலாம், அவ்வளவுதான்.