பிறந்தநாள் கலர் ஜெல்லி: கேளுங்கள், சொல்கிறேன்

பெங்களூரில் வீட்டிலேயே பிறந்தநாள் கொண்டாடும் நம்மவர்கள் சைனா கிராஸ் (அகர் அகர் என்கிற கடற்பாசி இழை) ஜெல்லி பற்றிக் கேட்டவை இவை. வருடக்கணக்கில் இதை ஆர்டர் எடுத்துச் செய்துவருவதால் பதில் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

ஒயிட்ஃபீல்ட்: அக்கா, 20 பிள்ளைகள் வருகிறார்கள். அளவு சொல்லுங்களேன்.

மொத்தம் ஒரு லிட்டர் போதும், ஆளுக்கு மூன்று துண்டு வரும். 10 கிராம் சைனா கிராஸ் இழையை நறுக்கி, அரை லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, சிறு தீயில் கரையுங்கள். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் அதன் முதுகில் நூல் நூலாக எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் 120 கிராம் சர்க்கரை. முதலிலேயே போட்டால் இழை கரைய அடம்பிடிக்கும். வடிகட்டி, மீதி அரை லிட்டருக்குப் பாலோ பழச்சாறோ சேருங்கள்.

அல்சூர்: பால் ஊற்றியதும் திரிதிரியாகப் போய்விட்டதே?

ஃபிரிட்ஜ் பாலை அப்படியே ஊற்றியிருப்பீர்கள். சைனா கிராஸ் 40 டிகிரிக்குக் கீழே வந்தாலே இறுக ஆரம்பித்துவிடும். பாலைக் காய்ச்சிச் சூடாகவே சேருங்கள். திரிதிரியானதைக் கொட்ட வேண்டாம், மறுபடி அடுப்பில் வைத்துக் கிளறினால் சரியாகிவிடும்.

ஜெயநகர்: மூன்று கலர் ஊற்றினேன். வெட்டும்போது அடுக்கடுக்காகக் கழன்று வந்தது.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கீழ் அடுக்கு முழுக்க ஆறிவிட்டால் மேல் அடுக்கு அதைப் பிடிக்காது. விரலால் லேசாகத் தொடுங்கள்: விரலில் கலர் வரக்கூடாது, ஆனால் பிசுபிசுப்பு இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அடுத்ததை, கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகு வழியாக மெல்ல ஊற்றுங்கள். காத்திருக்கும் கலர்களை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்திருங்கள். டிசம்பர் குளிரில் நம் ஊரில் தட்டு சட்டென்று இறுகிவிடும்; போன் வந்தால் எடுக்காதீர்கள். ஒருவேளை ஆறிப்போனால், மேற்பரப்பை முள்கரண்டியால் கீறிவிட்டு, அடுத்ததை நல்ல சூட்டில் ஊற்றுங்கள்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: கடை ஜெல்லி பவுடர் போதாதா?

சிலவற்றில் ஜெலட்டின் இருக்கும். அது மாடு, பன்றியின் தோல், எலும்பிலிருந்து வருவது. சைவ வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள் என்றால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். சைனா கிராஸ் கடற்பாசி. வெளியே மேசையில் வைத்தாலும் உருகி ஓடாது.

மல்லேஸ்வரம்: கலருக்குப் பயமாக இருக்கிறது அக்கா. என்ன சேர்ப்பது?

பயம் நியாயம்தான். ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் மார்ச்சில் இங்கே கர்நாடகாவிலும் கலர் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. அதற்காக அனுமதிக்கப்பட்ட கலர் ஒரு சொட்டு விட்டாலே விஷம் என்று நான் சொல்ல மாட்டேன். லூஸில் விற்கும், பெயர் தெரியாத பொடியை மட்டும் வாங்காதீர்கள்.

எனக்குப் பிடித்தது சங்குப்பூ. காய்ந்த பூ பத்துப் பன்னிரண்டை ஒரு கப் வெந்நீரில் போட்டால் நல்ல நீலம். அதிலேயே நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் ஊதா! பிள்ளைகள் முன்னால் செய்து காட்டுங்கள், கேக்கைக்கூட மறந்துவிடுவார்கள். சிவப்புக்கு பீட்ரூட் சாறு, மஞ்சளுக்கு மாம்பழக்கூழ். பக்கத்து ஃபிளாட்டில் ஜெயின் குடும்பம் இருந்தால் பீட்ரூட்டை விட்டுவிட்டு மாதுளைச் சாறு எடுங்கள், அவர்கள் கிழங்கு சாப்பிட மாட்டார்கள்.

கே.ஆர்.புரம்: அன்னாசி போட்டால் இறுகாது என்கிறார்களே?

அது ஜெலட்டினுக்கு. சைனா கிராஸுக்குக் கவலையில்லை. ஆனால் புளிப்புச் சாறு எதையும் சேர்த்துக் கொதிக்க விடாதீர்கள், பிடிமானம் போய்விடும். அடுப்பை அணைத்தபின், வெதுவெதுப்பாகச் சேருங்கள்.

இந்திராநகர்: ரெண்டு வயசுக் குட்டிகளுக்குக் கொடுக்கலாமா?

முழுத் துண்டாக வேண்டாம், தொண்டையில் அடைக்கும். நன்றாக மசித்து, உட்காரவைத்து ஊட்டுங்கள்.

பெல்லந்தூர்: முந்தின நாளே செய்யலாமா?

தாராளமாக. மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். காலையில் கொஞ்சம் தண்ணீர் விட்டிருக்கும். வடித்துவிட்டு, தட்டில் வைக்கும் நேரத்தில் வெட்டினால் போதும்.