கொம்மா கொம்மாவாகவே இருக்கட்டும்

கேள்வி: என் மகள் நாட்டார் மெட்டுகளைத் தழுவித் தானே எழுதி, கிற்றார் வாசித்துப் பாடிய எட்டுப் பாட்டுகளை முதல் அல்பமாக வெளியிடப் போகிறாள். எல்லாம் எங்கள் வீட்டு யாழ்ப்பாணப் பேச்சிலேயே இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒருவருக்கும் விளங்காது, கொஞ்சம் மாற்று என்றால் கேட்கிறாள் இல்லை. நீங்களாவது சொல்லுங்கள்.
- ஒரு தகப்பன், கோண்டாவில்

பதில்: சொல்கிறேன் ஐயா, உங்களுக்கு. மகளை விட்டுவிடுங்கள்.

விளங்காத பாட்டு கடல் தாண்டாது என்று யார் சொன்னது? இலங்கைப் பொப் பாடகர் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போனது. 'மாலு' என்றால் சிங்களத்தில் மீன் என்று அங்கே பாடியவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? 1977இல் இளையராஜா அதைத் தன் படமொன்றிலும் எடுத்துக்கொண்டார். எங்கள் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' பாடியபோது, அக்கரைக்கு விளங்கட்டும் என்று மாமியை அத்தையாக்கவில்லை.

நாட்டார் மெட்டு எங்கள் பேச்சின் நீட்டல் குறுக்கலோடு ஒட்டிப் பிறந்தது. 'போட்டு வாறன்' என்னும்போது கடைசி ஒலி குறுகிச் சட்டென்று மூடும். அடுத்த அடி அந்த இடத்தில் விழ வேண்டும். அதையே 'போயிட்டு வர்றேன்' என்று பாடிப் பாருங்கள்: நாலு தட்டில் முடிந்தது ஐந்துக்கு இழுபடும், முடிவிலும் ஒரு நீட்டம் வந்து நிற்கும். தாலாட்டில் 'கொம்மா' இரண்டு தட்டு, 'உங்கம்மா' மூன்று. தொட்டில் ஆட்டுகிற கைக்கு இந்த வித்தியாசம் தெரியும். நீங்கள் மாற்றச் சொல்வது சொல்லை மட்டும் என்று நினைக்கிறீர்கள், மெட்டும் சேர்ந்து உடையும்.

மகளிடம் கேட்க எனக்கும் சில உண்டு. ஒடியல் கூழ், பனங்கட்டி, கிடுகு வேலி என்று பெயர்களை அடுக்கிவிட்டால் அது யாழ்ப்பாணப் பாட்டு ஆகிவிடாது. பாட்டில் யாரோ ஒருவர் யாரோடோ கதைக்க வேண்டும். அம்பாப் பாட்டு இருந்தால் இன்னும் கவனம் தேவை. கரைவலை இழுக்கையில் ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் 'ஏலேலோ' என்று வாங்குவார்கள். இழுவை அந்த வாங்கலில்தான் இருக்கிறது. தனிக்குரலில் பாடிவிட்டு இடைவெளியைக் கீபோர்ட்டால் நிரப்பினால் வலை கரைக்கு வராது. அயலில் நாலு பேரைக் கூப்பிட்டு, குரல் கரகரத்தாலும் பரவாயில்லை, வாங்கிப் பாட வைக்கட்டும்.

இன்னொன்று. அந்த மெட்டுகளை யாரிடம் கேட்டுப் பாடமாக்கினாள்? அப்பாச்சியிடமா, ஊரில் கூத்தாடிய பெரியவரிடமா? அவர் பெயரும் ஊரும் அல்பத்தின் உறையில் வர வேண்டும். 'மரபுப் பாடல்' என்ற ஒரு சொல்லால் அவரை மூடிவிடக் கூடாது. காத்தவராயன் கூத்தின் சிந்து மெட்டுகளை விடிய விடிய ஆடிப் பாடி எங்கள் கையில் தந்தவர்கள் எத்தனையோ பேர் எங்கும் பெயர் பதியாமலே போய்விட்டார்கள். எனக்கு அது ஆறாத கவலை.

தமிழ்நாட்டுக்காரருக்கு விளங்க வேண்டுமென்று உண்மையாகவே நினைக்கிறீர்களா? அரும்பதங்களுக்குப் பொருள் எழுதிய சிறு தாள் ஒன்றை அல்பத்தோடு வையுங்கள். அதை எழுதும் வேலையை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். 'கொம்மா'வில் தொடங்கலாம்.