ஜெனோவா பற்றி நீங்கள் கேட்டவை

இத்தாலியின் துறைமுக நகரமான ஜெனோவாவில் இரண்டு வருடம் இருந்தேன் என்று ஒரு பேச்சில் சொன்னேன், அதற்குப் பிறகு ஆளாளுக்குக் கேள்வி அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். தெரிந்தவரை எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அண்ணா, வெனிஸ், ஃப்ளோரன்ஸ், ரோம் என்று திட்டம் போட்டாகிவிட்டது. நடுவில் ஜெனோவாவுக்கு ஒரு நாள் ஒதுக்குவது வீண்தானே?

பதில்: வீண் இல்லை தம்பி, ஒரு நாள் போதாது என்பதுதான் என் வருத்தம். இந்த ஊர் நூற்றாண்டுக்கணக்கில், 1797 வரை, தனிக் குடியரசு. 1284இல் மெலோரியா கடற்போரில் பீசாவை எழுந்திருக்க முடியாதபடி அடித்தது, 1298இல் வெனிஸ் கடற்படையைத் தோற்கடித்தது. வெனிஸ் பயணியான மார்க்கோ போலோ சிறைப்பட்டதும், கூடச் சிறையில் இருந்த ருஸ்திசெல்லோ என்ற பீசாக்காரரிடம் தன் பயணக் கதையைச் சொல்லி எழுத வைத்ததும் இங்கேதான். துறைமுகத்தை ஒட்டி நிற்கும் சான் ஜோர்ஜோ மாளிகையில்தான் அவரை அடைத்து வைத்திருந்தார்கள் என்பது ஊர் வழக்கு. அதே மாளிகையில்தான் 1407இல் தொடங்கிய சான் ஜோர்ஜோ வங்கி நடந்தது, ஐரோப்பாவின் மிகப் பழைய வங்கிகளில் ஒன்று. அப்புறம் 1528இல் ஊரின் கடற்படைத் தலைவர் ஆந்திரேயா தோரியா ஸ்பெயின் பக்கம் சாய்ந்தார், அதோடு ஸ்பெயின் மன்னருக்கே கடன் கொடுக்கிற ஊராகிவிட்டது ஜெனோவா. ஆனால் வெனிஸ் மாதிரி கண்ணெதிரே எல்லாம் விரிந்து கிடக்காது. குடையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் இடிக்கிற சந்துகள், அவற்றுக்குள் நுழைந்து தேடித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கொலம்பஸ் பிறந்த வீடு என்று காட்டுகிறார்களே, உண்மையா?

பதில்: போர்த்தா சொப்ரானா கோட்டை வாசலுக்கு வெளியே இருக்கிற சின்ன வீட்டைச் சொல்கிறீர்கள். அவர் சிறுவனாக வளர்ந்த வீடு அந்த இடத்தில் இருந்ததாகச் சொல்வார்கள், அப்பா கம்பளி நெசவாளி. ஆனால் 1684இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் கடற்படை ஊரைக் குண்டு போட்டுத் தகர்த்தபோது அந்த வீடும் போனது, இப்போது நிற்பது பதினெட்டாம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் தூர்சி மாளிகையில் இருக்கின்றன, அவற்றுக்குத்தான் மதிப்பு.

கேள்வி: இரண்டு பிள்ளைகளோடு போகிறோம், எட்டு வயது, பதினொரு வயது. எந்த அருங்காட்சியகத்தில் அலுப்புத் தட்டாது?

பதில்: கலாத்தா கடல் அருங்காட்சியகம், யோசிக்கவே வேண்டாம் அக்கா. பழைய துறைமுகத்தில் 2004இல் திறந்தது. உள்ளே பதினேழாம் நூற்றாண்டுத் துடுப்புக் கப்பல் ஒன்றை ஏறக்குறைய 40 மீட்டர் நீளத்துக்கு முழு அளவில் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். துடுப்புப் பலகைக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரே துடுப்புக்கு நாலைந்து பேர், தூக்கம் சாப்பாடு எல்லாம் அந்தப் பலகையிலேயே. மூன்று வகை ஆட்கள்: தண்டனைக் கைதிகள், பிடித்து வந்த அடிமைகள், கடனையும் பட்டினியையும் தாங்காமல் தாங்களாகவே கையெழுத்துப் போட்டு வந்தவர்கள். யார் எந்த வகை என்று தலையைப் பார்த்தே சொல்லலாம்: கைதிக்கு முழு மொட்டை, அடிமைக்கு உச்சியில் குடுமி, தானாக வந்தவனுக்கு மட்டும் மீசை வைத்துக்கொள்ள அனுமதி. அரண்மனைகளின் ஓவியக் கூரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மீசைக்காரர்கள்தான் நினைவுக்கு வருவார்கள், அந்தப் பணத்தில் இவர்கள் முதுகும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள். வெளியே தண்ணீரில் நாசாரியோ சௌரோ என்ற நிஜ நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது, அதற்குள்ளும் இறங்கிப் பார்க்கலாம். பிறகு அவர்களை அங்கிருந்து கிளப்புவது உங்கள் பாடு.

கேள்வி: அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த இத்தாலியர்கள் பற்றி ஏதாவது உண்டா?

பதில்: கலாத்தாவிலேயே ஒரு பகுதி உண்டு. அதுபோக 2022இல் இத்தாலியக் குடிபெயர்வுக்கென்றே தேசிய அருங்காட்சியகம் ஒன்றைக் கொமெந்தா தி ப்ரே என்ற பழைய கட்டடத்தில் திறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் கதைதான் எனக்குப் பிடித்தது: 1180இல் புனித பூமிக்குக் கப்பலேறப் போகிற யாத்திரிகர்கள் தங்குவதற்குக் கட்டிய சத்திரம் அது.

கேள்வி: இசை மாணவி நான். பாகனினியின் வயலின் அங்கே இருக்கிறதாமே?

பதில்: இருக்கிறது அம்மா, தூர்சி மாளிகையில்தான். 1743இல் குவார்னேரி தெல் ஜெசு என்ற வயலின் கைவினைஞர் செய்தது. அதன் முழக்கத்தைப் பார்த்து வயலின் மேதை பாகனினி வைத்த பெயர் 'பீரங்கி'. தான் பிறந்த ஊருக்கே உயில் எழுதி வைத்துவிட்டுப் போனார். கண்ணாடிக்குள் பூட்டியே வைக்காமல் அவ்வப்போது எடுத்து வாசிக்கவும் செய்கிறார்கள், அதுதான் பெரிய விஷயம். தூர்சி இருக்கிற கரிபால்தி வீதியில் ரோஸ்ஸோ, பியாங்கோ என்று இன்னும் இரண்டு மாளிகை அருங்காட்சியகங்கள் உண்டு. அரசு விருந்தினர் வந்தால் எந்தப் பணக்காரர் வீட்டில் தங்க வைப்பது என்று 1576இல் பட்டியல் போட்டார்கள், 'ரோல்லி' என்று பெயர். அந்த மாளிகைகளில் 42 இப்போது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம்.

கேள்வி: ஜெனோவாக்காரர் யாராவது நம் பக்கம் வந்திருக்கிறார்களா?

பதில்: நல்ல கேள்வி. ஜெரோலமோ த சாந்தோ ஸ்தேஃபனோ என்ற வணிகர், வாஸ்கோ ட காமாவுக்குச் சில ஆண்டுகள் முன்பே, செங்கடல் வழியாகக் கள்ளிக்கோட்டைக்கு வந்தார். கூட்டாளி அதோர்னோவும் ஜெனோவாக்காரர்தான். அங்கிருந்து இலங்கை, பிறகு சோழமண்டலக் கரை, பிறகு பர்மாவின் பெகு. கூட்டாளி பெகுவில் இறந்துபோனார், இவர் சரக்கையும் இழந்து தட்டுத்தடுமாறித் திரும்பி, 1499இல் எல்லாவற்றையும் ஒரு கடிதமாக எழுதினார். நம் கரையின் செஞ்சந்தனத்தையும் மறக்காமல் குறித்திருக்கிறார்.

கேள்வி: தேவாலயத்துக்குள் வெடிகுண்டு வைத்திருக்கிறார்கள் என்கிறார்களே?

பதில்: சான் லொரென்சோ பேராலயம். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கடற்படை சுட்டதில் ஒரு குண்டு சுவரைத் துளைத்து உள்ளே விழுந்தது, வெடிக்கவில்லை. நன்றிக்கு அடையாளமாக அதை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதே ஆலயத்துக்கு அடியில் பொக்கிஷ அருங்காட்சியகம் இருக்கிறது, ஃபிராங்கோ அல்பினி வடிவமைத்து 1956இல் திறந்தது. கரிய நிறக் கல்லில் வட்ட அறைகள், குறைந்த வெளிச்சம். அங்கே 'சாக்ரோ கதீனோ' என்ற அறுகோணப் பச்சைத் தட்டைப் பாருங்கள். சிலுவைப் போரில் கொண்டு வந்ததை முழு மரகதம் என்று பல நூற்றாண்டு நம்பினார்கள். நெப்போலியன் பாரிசுக்குக் கொண்டுபோனபோதுதான் கண்ணாடி என்று தெரிந்தது, திரும்பி வரும் வழியில் உடைந்தும் போனது. உடைந்த துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அது மரகதத்தைவிட உயர்வாகத்தான் தெரிந்தது.

கேள்வி: கல்லறைத் தோட்டத்தைப் போய்ப் பார்க்கச் சொல்கிறீர்களே, அங்கே என்ன இருக்கிறது?

பதில்: ஸ்தாக்லியேனோ. 1851இல் திறந்தது, இத்தாலிய ஒற்றுமைக்குப் போராடிய மாட்சினியின் கல்லறையும் அங்கேதான். பளிங்குச் சிலைகள் வரிசை வரிசையாக நிற்கும், பெரும்பாலும் வணிகக் குடும்பங்கள். அவர்கள் நடுவில் ஒரு கிழவி நிற்கிறாள், காத்தெரினா கம்போதோனிகோ. திருவிழாக்களில் கொட்டைகளை மாலையாகக் கோத்தும் வளைய ரொட்டியும் விற்றுப் பிழைத்தவள். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த காசைக் கொடுத்து, உயிரோடு இருக்கும்போதே, 1881இல், ஒரெங்கோ என்ற சிற்பியைக் கொண்டு தன் சிலையைச் செய்துகொண்டாள். நல்ல நாளுக்கு உடுத்துகிற உடை, சால்வையின் குஞ்சம், இடுப்பில் கட்டும் ஏப்ரனின் பின்னல் வேலை எல்லாம் நூல் நூலாகக் கல்லில் தெரியும். கையில் அதே கொட்டை மாலை, அதே ரொட்டி. நான் போன நாளில் யாரோ அவள் காலடியில் புதுப் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.