இதுவும் ஒரு வேலையா என்று கேட்கும் தந்தைக்கு

ஐயா, உங்கள் மகள் அமெரிக்காவில் உயர்கல்வி நிர்வாகம் முதுகலை படிக்கப் போகிறார். கறுப்பின ஆண் மாணவர்கள் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிடாமல் துணைநிற்கும் திட்டங்களில் வேலை செய்ய ஆசைப்படுகிறார். "இதற்கென்று படிப்பா, சம்பளமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு ஐயா. எளிதில் கைவரும் வேலையும் அல்ல.

1970களில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணிதவியலாளர், நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று ஆராய்ந்தார். ஆர்வமில்லை, வீட்டில் ஊக்கமில்லை என்றார்கள் சக ஆசிரியர்கள். அவரோ மாணவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். உழைப்பிலும் குறையில்லை, பெற்றோரின் அக்கறையிலும் குறையில்லை. ஆனால் அவர்கள் தனித்தனியே படித்தார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் கூடி உட்கார்ந்து ஒருவர் கணக்கை மற்றவர் திருத்திக்கொண்டார்கள். டிரைஸ்மன் 'பின்தங்கியவர்களுக்கான' சிறப்பு வகுப்பு எதையும் வைக்கவில்லை. மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து போடச் சொன்னார். மதிப்பெண்கள் வெகுவாக உயர்ந்தன. மாணவனிடம் என்ன குறை என்று தேடாமல், கல்லூரி அவனை எப்படி நடத்துகிறது என்று பார்க்கும் இந்தப் பார்வைதான் உங்கள் மகள் கற்க வேண்டிய தொழில்.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி என்ற கல்வி நிர்வாகி 1988இல் தொடங்கிய, அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கான மேயர்ஹாஃப் உதவித்தொகைத் திட்டமும் அதே வழியில் வந்தது. முதல் அணியில் 19 கறுப்பின இளைஞர்கள். கல்லூரி திறக்குமுன்பே கோடையில் ஒன்றாகத் தங்கிப் படிக்கிறார்கள். பிறகும் குழுவாகவே படிக்கிறார்கள். 1996 முதல் எல்லா இனத்தவருக்கும் அதில் இடம் உண்டு. ஜார்ஜியா மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்கள் 2002இல் கறுப்பின ஆண்களுக்கென்றே ஒரு முன்னெடுப்பைத் தொடங்கின.

உங்கள் மகள் சேருமுன் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். மாணவர் ஆலோசனை அலுவலகத்தில் பகுதிநேர உதவியாளர் பணி கிடைக்குமா, ஓர் ஆலோசகர் எத்தனை மாணவர்களைக் கவனிக்கிறார் என்று கேட்க வேண்டும். இனத்தைக் கணக்கில் கொள்ளும் மாணவர் சேர்க்கையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் தடுத்த பிறகு, இத்தகைய திட்டங்கள் மீதும் நெருக்கடி கூடியிருக்கிறது. ஆகவே அங்கே இத்திட்டங்களை நடத்தும் அலுவலகம் இன்றும் இயங்குகிறதா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். இந்தப் படிப்புக்குப் பின் வேலைப் பயிற்சி அனுமதி பொதுவாக 12 மாதம்தான். அதற்குமேல் தங்க, வேலை தரும் பல்கலைக்கழகமே விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கல்விக் கடன் வாங்குமுன் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.