ஸ்னூக்கரில் கட் ஷாட் (பந்தை ஓரத்தில் இடித்துக் கோணமாகப் பாக்கெட்டுக்குத் தள்ளும் அடி) விழவே மாட்டேன் என்கிறது. குறி பார்க்க உதவும் பயிற்சிக் கருவி வாங்கலாமா? கிளப்பில் சிரிக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் ஒன்றைச் செய்து பாருங்கள். ஒரு மெல்லிய காகிதத் துண்டு, ஸ்கேல், பேனா போதும். நான் மாநில அளவில் ஆடியவன் இல்லை, கோச்சும் இல்லை. வாரம் இரண்டு நாள் ஸ்னூக்கர் பார்லருக்குப் போகிறவன். ஆனால் அந்தச் சிரிப்பை நானும் கேட்டவன், அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மி.மீ. காகிதத்தில் அந்த இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். பூல் ஆடுபவர் என்றால் 57 மி.மீ. முதல் புள்ளியின் மேல் பாட் செய்ய, அதாவது பாக்கெட்டில் விழவைக்க, வேண்டிய பந்து. இரண்டாவது புள்ளி பாக்கெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் வரட்டும். எந்தக் கோணத்திலிருந்து அடித்தாலும், இடிக்கும் நொடியில் வெள்ளைப் பந்து அந்த இரண்டாவது புள்ளியின் மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கோஸ்ட் பால் என்று விற்கிற கருவிகள் காட்டுவதும் இதே இடத்தைத்தான்.

கறுப்புப் பந்தை அதன் ஸ்பாட்டில் (மேசையில் அதற்கென்று குறித்த இடத்தில்) வைத்து, மூலைப் பாக்கெட்டுக்கு ஹாஃப் பால் கட், அதாவது பாதிப் பந்தில் இடிக்கும் கட், அடித்துப் பழகினேன். 30 டிகிரி கட் அது, கியூவின் (அடிக்கும் கோலின்) கோடு பந்தின் விளிம்பைப் பார்க்கும். காகிதம் இல்லாமல் 20க்கு 7 விழுந்தது. காகிதம் வைத்தும் 9தான். மற்ற எல்லாமே பாக்கெட்டின் ஒரே பக்கமாகத் தவறின.

அன்று பார்லரில் புள்ளி குறிக்கும் மார்க்கர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, குறி சரியாத்தான் பாக்குறீங்க. கைதான் கோணுது. வெள்ளைய பிரவுன் ஸ்பாட்ல வெச்சு நேரா அடிங்க, திரும்பி எங்க வருதுன்னு பாருங்க."

வெள்ளை, பிரவுன் ஸ்பாட்டிலிருந்து அதே நடுக்கோட்டில் இருக்கும் நீலம், பிங்க், கறுப்பு ஸ்பாட்களைத் தாண்டிப் போய் மேல் குஷனில் (மேசையின் எதிர் ஓரத்தில்) பட்டு, அதே கோட்டில் கியூ முனைக்கே திரும்பி வர வேண்டும். எனக்கு ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் விலகி வந்தது. அடிக்கும் நொடியில் முழங்கை உடம்போடு ஒட்டிக்கொள்ள, கியூ முனை வலப்பக்கம் போய், எனக்கே தெரியாமல் சைடு (பக்கவாட்டுச் சுழற்சி) போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இத்தனை நாளாகக் கண்ணைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்! காகிதம் சரியான இடத்தைக் காட்டியும் பந்து விழாததால்தான் இது வெளியே வந்தது. இரண்டு மாதம், பார்லருக்குப் போகும்போதெல்லாம் பத்து நிமிடம் அந்த நேர் அடி. அப்புறம் 20க்கு 14.

ஒரு எச்சரிக்கை. மெதுவாக அடித்தால் பந்துகளின் உராய்வில், புள்ளியில் சரியாக இடித்தாலும் பந்து கொஞ்சம் திக்காக, அதாவது கோணம் குறைந்து, போகும். அதற்குக் காகிதத்தைத் திட்டாதீர்கள், ஒரு மயிரிழை தின்னாக, இன்னும் ஓரத்தில் இடிப்பது போல, அடியுங்கள்.

"இதெல்லாம் ஊன்றுகோல், மேட்சில் காகிதம் வைப்பாயா?" என்று கேட்பார்கள். வைக்க மாட்டேன். பயிற்சிக்கு மட்டும்தான் சொல்கிறேன். சின்ன வயதிலேயே பக்கத்தில் நின்று திருத்த ஆள் கிடைத்தவர்களுக்கு இது தேவைப்படாமல் இருக்கலாம். எனக்கு 17 வயதில் பார்லர் படியில் இறங்கியதை உறவுக்காரர் ஒருவர் பார்த்துவிட்டார். வீட்டில் சூதாட்டக் கிளப்புக்குப் போனதாகவே முடிவு கட்டினார்கள். அடுத்த பதினைந்து வருடம் கியூவைத் தொடவில்லை. 1880களில் ஊட்டி கிளப்பில் விதிகள் உருவான ஆட்டம் இது. நம் மலையில் வளர்ந்த ஆட்டத்தை நம் வீட்டுப் பிள்ளை ஆடினால் கெட்டுப்போனான் என்கிறோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தொலைந்த வருடங்களை யாரும் திருப்பித் தரப்போவதில்லை, ஒரு துண்டுக் காகிதம் உதவினால் அதை ஏன் விட வேண்டும்?

சரி, உங்கள் விஷயம். முதலில் பிரவுன் ஸ்பாட் சோதனை. வெள்ளை நேராகத் திரும்பி வந்தால் உங்கள் கை சரி, குறிதான் பிரச்சினை. அப்போது காகிதம் வையுங்கள், ஐந்து அடிக்கு ஒருமுறை அதை எடுத்துவிட்டும் அடியுங்கள். மறக்காமல் பார்லர்காரரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மேசைத் துணி கெட்டுவிடும் என்று என்னிடம் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.